ஓலந்து தீவுகளின் நாடாளுமன்றத் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பதாயிரம் பேர் வாழும் தீவுக்கூட்டம் ஒன்று தனக்கென்று ஒரு நாடாளுமன்றம் வைத்துக்கொண்டு, நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இயற்றி வருகிறது. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பிய பிறகு கேள்விகளை நிறுத்துவதில்லை. நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

ஓலந்து எங்கே இருக்கிறது? அது யாருக்குச் சொந்தம்?

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே, பால்டிக் கடலில் இருக்கிறது. தீவுகளையும் பாறைத் திட்டுகளையும் எண்ணினால் ஆறாயிரத்தைத் தாண்டும். மக்கள் குடியிருப்பவை அறுபது சொச்சம்தான். தலைநகர் மாரியஹாம். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவி மரியாவின் பெயரில் 1861இல் உருவான ஊர் அது. நாட்டுக் கணக்கில் ஓலந்து பின்லாந்தைச் சேர்ந்தது. மக்கள் பேசுவது ஸ்வீடிய மொழி. அங்கே ஆட்சிமொழியும் அது ஒன்றுதான். பின்னிய மொழி பின்லாந்து முழுவதும் ஆட்சிமொழியாக இருந்தும் ஓலந்து அரசு அலுவலகங்களில் அதற்கு அந்த இடம் இல்லை.

பின்லாந்தின் பகுதி என்றால் தனி நாடாளுமன்றம் எதற்கு?

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1809 வரை ஓலந்தும் பின்லாந்தும் ஸ்வீடன் அரசின் கீழ் இருந்தன. அந்த ஆண்டு போரில் தோற்ற ஸ்வீடன் இரண்டையும் ரஷ்யாவிடம் இழந்தது. ரஷ்யர்கள் பொமர்சுந்து என்ற இடத்தில் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கிரிமியப் போரின்போது, 1854இல், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அதைத் தகர்த்தன. இனி ஓலந்தில் படையோ கோட்டையோ கூடாது என்று 1856இல் பாரிஸில் முடிவானது.

ரஷ்யப் பேரரசு ஆட்டம் கண்ட 1917ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஓலந்து ஊராட்சிகளின் பிரதிநிதிகள் ஃபின்ஸ்த்ரோமில் ஒரு பள்ளியில் கூடினார்கள். மீண்டும் ஸ்வீடனோடு சேர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது. தன் மொழிக்காரர்களோடு சேரத் துடித்த தீவுகளை விட்டுக்கொடுக்க புதிய நாட்டுக்கு மனமில்லை. 1920இல் தன்னாட்சிச் சட்டம் ஒன்றை இயற்றி நீட்டியது. தீவினர் அதை ஏற்க மறுத்தார்கள். இயக்கத்தின் தலைவர்களான யூலியஸ் சுந்த்புளோமும் கார்ல் பியோர்க்மனும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்கள்.

வழக்கு அப்போது புதிதாகப் பிறந்திருந்த, ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்துக்குப் போனது. 1921 ஜூனில் ஜெனிவாவில் தீர்ப்பு வந்தது. தீவுகள் பின்லாந்துக்கே என்றது அது. ஆனால் ஓலந்தின் மொழி, பண்பாடு, நிலம் மூன்றுக்கும் பின்லாந்து உறுதிமொழி தர வேண்டும் என்றும் சொன்னது. ஸ்வீடனும் பின்லாந்தும் பேசி அந்த உறுதிமொழிகளை எழுத்தில் வடித்தன. 1922 ஜூன் 9 அன்று ஓலந்து நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. அவைத்தலைவர் சுந்த்புளோம், அரசின் தலைவர் பியோர்க்மன். துரோகிகள் என்று சிறையில் அடைக்கப்பட்ட அதே இருவர்! அந்த ஜூன் 9 இன்றும் ஓலந்தில் தன்னாட்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டிவிட்டார்கள். இந்தத் தேர்தலை நான் விடாமல் பின்தொடர்வதற்குக் காரணம் இதுதான்.

தேர்தல் எப்போது நடக்கும்? எத்தனை இடங்கள்?

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. இடங்கள் 30. நாடாளுமன்றத்தின் பெயர் லாக்திங். உள்ளாட்சித் தேர்தலும் அதே நாளில்தான் நடக்கும்.

யாரெல்லாம் வாக்களிக்கலாம்?

இந்தத் தேர்தலின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

18 வயது ஆகியிருக்க வேண்டும், பின்லாந்துக் குடியுரிமை இருக்க வேண்டும். இவை போதா. ‘ஹெம்பிக்ட்ஸ்ரெத்’ என்ற ஒன்று இருந்தாக வேண்டும். தமிழில் இதை ஊருரிமை என்று சொல்லலாம். ஓலந்தில் வாழும் பெற்றோரில் ஒருவருக்கு ஊருரிமை இருந்தால் பிள்ளைக்குப் பிறப்பிலேயே வந்துவிடும். வெளியிலிருந்து குடியேறியவர் என்றால் ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ வேண்டும், போதுமான அளவு ஸ்வீடிய மொழி தெரிந்திருக்க வேண்டும், பின்லாந்துக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பிக்கலாம்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்து மாரியஹாமில் மூன்று ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவர் பின்லாந்தின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். லாக்திங் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தவருக்கு வீட்டு மொழியும் ஊர் மொழியும் ஒன்றே. இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தாலும் அவர் பின்லாந்துக் குடியுரிமை பெறாத வரை அவருக்கும் லாக்திங் வாக்கு கிடையாது. உள்ளாட்சித் தேர்தலில் விதிகள் தளர்வானவை. ஊருரிமை இல்லாதவர்களும் குறிப்பிட்ட காலம் வசித்திருந்தால் அதில் வாக்களிக்கலாம். ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடிக்கு வரும் கணவனும் மனைவியும் வேறு வேறு எண்ணிக்கையில் வாக்குச்சீட்டு வாங்குவது இதனால்தான் நேர்கிறது.

இந்த ஐந்து ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1921 ஒப்பந்தத்திலிருந்து. பின்லாந்தின் பிற பகுதிகளிலிருந்து வருபவர் ஐந்தாண்டு வசித்த பிறகே ஓலந்தில் வாக்குரிமை பெறுவார் என்று அன்றே எழுதிவைத்தார்கள். ஊருரிமை என்ற வடிவத்தை 1951ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம் கொடுத்தது. இப்போது நடப்பில் இருக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் காத்துவருகிறது. நிலம் வாங்குவதற்கும் தொழில் நடத்துவதற்கும் ஊருரிமையே அடிப்படை. அது இல்லாதவர் ஓலந்து அரசிடம் தனி அனுமதி பெற வேண்டும்.

ஊரைவிட்டுப் போனால் என்ன ஆகும்?

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வெளியே வாழ்ந்தால் ஊருரிமை போய்விடும். ஓலந்துப் பிள்ளைகளில் பலர் உயர்கல்விக்கு ஸ்வீடனுக்கோ பின்லாந்தின் துர்கு நகருக்கோ போகிறார்கள். படிப்பு, பிறகு முதல் வேலை, பிறகு கல்யாணம் என்று ஆண்டுகள் ஓடிவிடும். பாட்டனும் பூட்டனும் பிறந்த தீவில் ஒரு நாள் வாக்கு இல்லாதவர்களாக நிற்பார்கள். திரும்பி வந்தால் மீண்டும் பெற வழி உண்டு. ஆனாலும் இந்த விதி எனக்கு மனம் ஒப்பாதது. மொழியைக் காக்கப் பிறந்த ஏற்பாடு, அந்த மொழியிலேயே வளர்ந்த பிள்ளையின் வாக்கைப் பறிப்பது வலிக்கத்தான் செய்கிறது.

வெளியே இருப்பவர்களில் ஊருரிமை இன்னும் கையில் உள்ளவர்களுக்காக 2019 தேர்தலில் இணையவழி வாக்கைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். தேர்தல் நெருங்கிய நேரத்தில், பாதுகாப்புக் காரணங்களால் அதைக் கைவிட்டார்கள். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். சில நூறு வாக்குகளில் ஓர் இடம் கைமாறும் ஊரில், ஐயத்துக்கு இடமுள்ள நூறு வாக்குகள் போதும், மொத்தத் தேர்தலும் கெட்டுப்போகும்.

இது வெளியாட்களுக்கு எதிரான பாரபட்சம் ஆகாதா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அந்த ஊரின் மருத்துவமனையில் வேலையும் பார்க்கும் ஒருவருக்குத் தன்னை ஆளும் அவையில் குரல் இல்லை என்பது உண்மையான குறை. ஓலந்துக்கு லாத்வியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மக்கள் வந்து வாழ்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்தக் குறையும் பெரிதாகும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பின்லாந்தின் மக்கள்தொகை ஐம்பத்தைந்து லட்சத்துக்கு மேல், ஓலந்து முப்பதாயிரம். கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் பத்தாயிரம் பேர் கரை இறங்கினால் ஒரே தேர்தலில் பள்ளி மொழியை மாற்றிவிடலாம். சிறிய மொழிக்கூட்டம் ஒன்று தன் வாசலுக்குக் கதவு வைத்துக்கொள்வதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்தக் கதவு திறக்கிறது என்பதும் முக்கியம். யாருக்குப் பிறந்தவர், என்ன நிறம் என்று அது கேட்பதில்லை. ஐந்து ஆண்டு வாழ்ந்தாயா, மொழியைக் கற்றாயா, குடியுரிமை பெற்றாயா என்று கேட்கிறது.

வாக்கு எப்படி எண்ணப்படுகிறது?

ஓலந்து முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கிறார். அந்த வாக்கு முதலில் அவருடைய கட்சிப் பட்டியலின் கணக்கில் சேரும். பிறகு பட்டியலுக்குள் யார் அதிகம் வாங்கினார்களோ அந்த வரிசையில் நிற்க வைப்பார்கள்.

ஓர் உதாரணம். ஒரு பட்டியலுக்கு மொத்தம் 3,000 வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் முதலிடம் பெற்றவருக்கு ஒப்பீட்டு எண் 3,000. இரண்டாமவருக்கு அதில் பாதி, 1,500. மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று, 1,000. இப்படியே இறங்கும். எல்லாக் கட்சிகளின் வேட்பாளர்களையும் இந்த எண்ணின்படி ஒரே வரிசையில் நிறுத்தி, மேலிருந்து முப்பது பேரை எடுத்தால் அவர்களே லாக்திங். திஹோந்த் முறை என்பது இதுதான். இத்தனை சதவீதம் வாங்கினால்தான் உள்ளே என்ற தடை எதுவும் இல்லை.

கட்சித் தலைமை போட்டுத் தரும் வரிசைக்கு இங்கே மதிப்பில்லை என்பதைக் கவனியுங்கள். தலைமைக்குப் பிடிக்காதவரும் ஊருக்குப் பிடித்திருந்தால் மேலே வந்துவிடுவார். சொந்தமாக இருநூறு வாக்குகூட வாங்காமல் உறுப்பினர் ஆனவர்கள் உண்டு. அந்த இருநூறு பேரையும் அவருக்கு முகம் தெரியும். கடையில், தேவாலயத்தில், படகுத்துறையில் அடுத்த நான்கு ஆண்டும் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பின்லாந்தின் கட்சிகள் இதில் போட்டியிடுகின்றனவா?

இல்லை. ஓலந்துக்கென்று தனிக் கட்சிகள் இருக்கின்றன. மையக் கட்சி, லிபரல் கட்சி, மிதவாதக் கூட்டணி, சமூக ஜனநாயகவாதிகள், கட்சி சாராதோர் கூட்டணி, பசுமை நோக்குள்ள நீடித்த முன்முயற்சி ஆகியவை முக்கியமானவை. தனிநாடு கேட்கும் ‘ஓலந்தின் எதிர்காலம்’ என்ற கட்சியும் உண்டு. கிராமங்களிலும் வெளித்தீவுகளிலும் மையக் கட்சிக்கு வேர் ஆழம்.

2023 தேர்தலில் என்ன நடந்தது?

அக்டோபர் 15 அன்று நடந்தது. லிபரல்கள் 9 இடங்கள் பெற்று முதலிடத்துக்கு வந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 9 வைத்திருந்த மையக் கட்சி 7க்கு இறங்கியது. சமூக ஜனநாயகவாதிகள் 5, மிதவாதிகள் 4, கட்சி சாராதோர் 4, நீடித்த முன்முயற்சி 1. லிபரல் கட்சியின் கத்ரின் ஷோக்ரென் அரசின் தலைவரானார். இந்தப் பதவியை அங்கே லாந்த்ரோட் என்பார்கள்.

அவருக்கு இது இரண்டாம் முறை. 2015 முதல் 2019 வரையும் அவரே இருந்தார். இடையில் மையக் கட்சியின் வெரோனிகா தோர்ன்ரோஸ். அவர்களுக்கு முன்பு சமூக ஜனநாயகக் கட்சியின் கமில்லா குனெல், அதற்கும் முன்பு விவேகா எரிக்சன். 2007இல் எரிக்சன் முதல் பெண் லாந்த்ரோட் ஆனதிலிருந்து அந்த நாற்காலியில் தொடர்ந்து பெண்களே அமர்ந்திருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு கட்சிகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் இதை ஒரு கட்சியின் சாதனை என்று சொல்லவும் முடியாது.

லாக்திங்குக்கு உண்மையில் என்ன அதிகாரம்?

கல்வி, மருத்துவம், பண்பாடு, காவல்துறை, உள்ளாட்சி, அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, தொழில் வளர்ச்சி ஆகியவற்றில் அது இயற்றுவதே சட்டம். ஹெல்சிங்கி தலையிட முடியாது. ஒரு சட்டம் அதிகார எல்லையை மீறினாலோ நாட்டின் பாதுகாப்பைத் தொட்டாலோ மட்டுமே குடியரசுத் தலைவர் அதைத் தடுக்கலாம். வெளியுறவு, நீதிமன்றம், சுங்கம், பெரும்பாலான வரிகள் ஹெல்சிங்கியின் கையில். வசூலாகும் வரியிலிருந்து ஒரு பங்கு கணக்கிடப்பட்டு ஓலந்துக்குத் திரும்பி வரும். பின்லாந்து அனுமதி இல்லாமல் இந்தத் தன்னாட்சிச் சட்டத்தை லாக்திங் மாற்ற முடியாது. லாக்திங் அனுமதி இல்லாமல் பின்லாந்தும் மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டையும் தாங்கும் தூண் இந்த ஒரு விதிதான். ஒரு தரப்பு நினைத்தால் எடுத்துவிடக்கூடிய தன்னாட்சிக்கு என்ன பொருள்?

இவ்வளவு சிறிய இடத்தில் தேர்தலில் எதைப் பற்றித்தான் பேசுவார்கள்?

படகைப் பற்றி. உண்மையாகவே சொல்கிறேன். வெளித்தீவுகளுக்கு அரசுப் படகுப் போக்குவரத்துதான் சாலை. சொத்துங்கா என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. மக்கள் நூறு பேர் அளவில்தான். பின்லாந்திலேயே மிகச் சிறிய ஊராட்சி அது. கால அட்டவணையிலிருந்து ஒரு படகை எடுத்துவிட்டால் அங்கே ஒருவரின் வேலையும், ஒரு பிள்ளையின் பள்ளியும், ஒரு முதியவரின் மருத்துவரும் ஒரே நாளில் தொலைவாகிவிடும். படகுகளுக்கு ஆகும் செலவோ அரசின் முதுகை வளைக்கிறது. சுரங்கப்பாதை தோண்டலாமா, பாலம் கட்டிப் படகுப் பாதையைக் குறைக்கலாமா என்ற வாதம் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வருகிறது.

அடுத்தது ஊராட்சிகள். முப்பதாயிரம் பேருக்கு 16 ஊராட்சிகள். இவற்றை இணைத்துக் குறைக்க ஷோக்ரெனின் முதல் அரசு சட்டம் கொண்டுவந்தது. கிராமங்கள் கொதித்தன. 2019 தேர்தலில் மையக் கட்சி வென்று ஆட்சிக்கு வந்தபின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 16 இன்றும் 16ஆகவே இருக்கிறது. செலவுக் கணக்கு பார்ப்பவர் இதை வீண் என்பார். தன் ஊர்ப் பெயர் அழிவதைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கடல் காற்றாலைகள் இப்போதைய விவாதம். ஓலந்தின் கடற்பரப்பில் பெரும் காற்றாலைப் பூங்காக்கள் அமைக்கும் யோசனை பணத்தையும் பயத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓலந்து இருக்கிறதா?

இருக்கிறது, தன் நிபந்தனையோடு. பின்லாந்து வாக்கெடுப்பு நடத்தி முடித்த பிறகு, 1994 நவம்பரில் ஓலந்து தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் ஆம் என்றார்கள். நிலம், தொழில் மீதான ஊருரிமைக் கட்டுப்பாடுகளை ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. மறைமுக வரிகளைப் பொறுத்தவரை ஓலந்து ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிறது.

இதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு கப்பலில்தான். துர்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு இரவுப் பயணம். நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும்; எஞ்சினின் ஓசை மாறி விழித்துக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே ஊரே இல்லை. விளக்குக் கம்பங்கள், ஈரமான சிமெண்டுத் துறை, காத்திருந்த இரண்டு மூன்று வண்டிகள், பின்னால் இருட்டுக் காடு. லோங்னெஸ் துறைமுகம். சில நிமிடங்களில் கப்பல் மீண்டும் நகர்ந்தது. காலையில் ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். ஓலந்தைத் தொட்டுச் சென்றால்தான் கப்பலில் வரியில்லாமல் பொருள் விற்கலாம் என்றார். அந்தச் சில நிமிட நிறுத்தத்தில் ஒரு தீவுச் சமூகத்தின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. கப்பல் தொழில்தான் அங்கே முதுகெலும்பு.

உரசல்களும் உண்டு. உதட்டுக்குள் அதக்கும் ‘ஸ்னூஸ்’ புகையிலையின் விற்பனையை ஒன்றியம் தடை செய்தது, ஓலந்து இழுத்தடித்தது. 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் பின்லாந்து கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு ஓலந்து பொறுப்பு, நீதிமன்றத்தில் நின்றது பின்லாந்து! ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஓலந்தின் நெடுநாள் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. பின்லாந்து நாடாளுமன்றத்தின் 200 இடங்களில் ஒன்று மட்டும் ஓலந்துக்கு உண்டு.

தனிநாடு கேட்கிறார்களா?

பெரும்பான்மையோர் கேட்கவில்லை. ‘ஓலந்தின் எதிர்காலம்’ கட்சி 2011இல் 3 இடங்கள் பெற்றது. 2015இல் 2, 2019இல் 1, 2023இல் ஒன்றுமில்லை.

படை இல்லாத தீவுகளை உக்ரைன் போருக்குப் பிறகு யார் காப்பது?

பின்லாந்துதான். 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. ஓலந்தில் அமைதிக் காலத்தில் படை நிறுத்தக் கூடாது என்ற பழைய ஒப்பந்தங்கள் அப்படியே நிற்கின்றன. 12 வயதுக்கு முன்பே ஊருரிமை பெற்று அங்கே வளர்ந்த ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையும் இல்லை. மாரியஹாமில் ஒரு ரஷ்யத் தூதரகப் பணிமனை இருக்கிறது. படையில்லா நிலை கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க 1940 ஒப்பந்தத்தில் மாஸ்கோ வாங்கிய இடம் அது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து ஊர்மக்கள் அதன் எதிரே மாலையில் கூடி நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். பனிக்காலத்து இருட்டிலும் உக்ரைன் கொடியோடு நின்றார்கள்.

இலங்கைத் தமிழர்கள் ஓலந்தைப் பற்றி அதிகம் பேசக் காரணம் என்ன?

அதிகாரப் பகிர்வு பற்றிய விவாதங்களில் ஓலந்து அங்கே எடுத்துக்காட்டாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. சிறுபான்மை மொழி, தீவு, நிலவுரிமை, ஒற்றையாட்சி நாட்டுக்குள் தன்னாட்சி என்று ஒப்பிடத் தூண்டும் அம்சங்கள் பல. ஆனால் ஓலந்தில் சண்டை மூளவில்லை; ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு சர்வதேசச் சாட்சி இருந்தது; ஒரு பக்கம் மட்டும் மாற்ற முடியாத சட்டம் இருந்தது. இலங்கையின் மாகாண சபைகளுக்கு இவை வாய்க்கவில்லை. வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் முதல் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுகள் உருண்டும் வாக்குப்பெட்டி வரவில்லை. ஓலந்தின் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் உறைப்பது வெற்றி தோல்வி இல்லை; குறித்த ஞாயிற்றுக்கிழமையில் தேர்தல் நடந்துவிட்டது என்பதே.

அடுத்த தேர்தல் எப்போது?

2027 அக்டோபர் 17. முன்கூட்டியே வாக்களிக்கவும் ஏற்பாடு உண்டு. அக்டோபரில் கடல் எந்த நேரமும் பொங்கலாம் என்பது வெளித்தீவுக்காரர்களுக்குத் தெரியும்.